தெரிந்தவர் இல்லாத அறை

இங்கே ஒருவரையொருவர் பார்த்ததும் "சுடா மாக்கான்?" என்று கேட்பார்கள். மலாயில் சாப்பிட்டாயா என்று அர்த்தம். கேட்டவர் பதிலுக்காக நிற்பதில்லை, கேட்டுக்கொண்டே நடந்துபோய்விடுவார். நம் ஊரில் சும்மா தலையாட்டிச் சிரிப்பதுபோல என்று பிறகு புரிந்துகொண்டேன். அதுவரை நம் ஆட்களுக்கு நடுவிலேயே இருந்ததால் வேலைக்குப் போன முதல் வாரம் அது தெரியாது. நர்ஸ் ரோகாயா கேட்டார். நர்ஸை இங்கே எல்லாரும் மிஸ்ஸி என்பார்கள். அன்று வெள்ளிக்கிழமை. விரதம், ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் சாயந்திரம்தான் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாய்ச் சொற்களைக் கோத்துச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கேண்டீனிலிருந்து நாசி லெமாக் பொட்டலம் ஒன்றை வாங்கிவந்து என் கையில் வைத்தார். தேங்காய்ப்பால் சோறு, மேலே வறுத்த நெத்திலி, பாதி முட்டை. விரதம் என்றது புரியாமல், சாப்பிட வசதியில்லாமல் வேலைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பையில் வைத்து பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு, "வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அந்த மிஸ்ஸிய கேக்கச் சொல்லு," என்றார்.

நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி வேறு. எந்த ஊரு, யாரு வீடு. கேட்டவர் பதில் வரும்வரை நகரமாட்டார். கப்பலில் வந்து கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியேறிய முதல் நாளே அடுத்த வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்து அதைத்தான் கேட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் என்றேன். தஞ்சாவூரில் எங்கே, எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார் என்று போனது. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் காப்பித் தம்ளரைக் கையில் எடுத்தார்கள். அன்றிலிருந்து நான் அவர்களுக்கு 'ஊர்க்காரி'. மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பதினைந்து வருஷம் கழித்தும் மாறவில்லை. என் அடையாளக் கார்டு குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு, அவர்களுடையது குடிமக்களின் நீலம். சிவப்புக் கார்டுக்கு அரசாங்க வேலை கிடைக்காது. அதனால்தான் துப்புரவு காண்டிராக்ட் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். அவர்கள் என்னை ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் கிளினிக்கில் போட்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற நான் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது அப்படித்தான்.

காலையில் மினி பஸ்ஸில் நெரிபட்டுப் போய் இறங்கினால் கிளினிக் திறக்கும் முன்பே பெஞ்சு நிறைந்திருக்கும். கிளந்தானிலிருந்து வந்த மலாய்ப் பெண்கள், ஈப்போ சீனப் பையன்கள், சரவாக்கிலிருந்து வந்து யாரோடும் பேசாமல் மூலையில் உட்காரும் பிள்ளைகள். தமிழ்ப் பிள்ளைகளும் அந்தப் பல்கலைக்கழகத்தில் உண்டு. ரப்பர்த் தோட்டங்களிலிருந்து படித்து மேலே வந்தவர்கள். ஆனால் அவர்களைக் கிளினிக்கில் பார்ப்பது அபூர்வம். பெண்களை அதைவிட. காய்ச்சலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள். நிற்க முடியாமல் போனால்தான் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வருவார்கள்.

அப்போது புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர் டாக்டர் லிம். நடுவயது, கண்ணாடி, அதிர்ந்து பேசாத பெண். யார் யார் வருகிறார்கள், யார் வருவதில்லை, ஏன் வருவதில்லை என்று வந்தவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பார். பரிசோதனை மேசையைச் சுற்றித் திரை போட்டார். பெண்களுக்கென்று தனிக் காலை ஒதுக்கினார். நோன்பு மாதத்தில் மாத்திரை நேரங்களை விடியலுக்கு முன்பும் நோன்பு திறந்த பின்பும் என்று மாற்றிக் கொடுத்தார். எல்லா மாணவருக்கும் இது அவர்களுடைய இடமாக இருக்க வேண்டும் என்று அடிக்கடி சொல்வார் என மிஸ்ஸி ரோகாயா சொல்வார். தமிழ்ப் பெண்கள் விஷயத்தில் டாக்டர் என்ன செய்வது என்று யோசித்தபோது, வாளியோடு குறுக்கே போன நான் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

ஒரு நாள் கூப்பிட்டார். வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஆங்கிலத்தில் பேசினார், பிறகு மலாயில் பேசினார், நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியில் மிஸ்ஸி வந்து நிதானமாக விளக்கினார். தமிழ்ப் பெண்கள் வரும்போது நான் அறைக்குள் உட்கார வேண்டும். சொல்லத் தெரியாததை அவர்கள் என்னிடம் சொல்லலாம். நான் இருந்தாலே தைரியமாக இருக்கும். கம்பெனியிடம் பேசிவிட்டார்கள், அந்த நேரத்துக்குத் துடைப்பு வேலை கிடையாது. எனக்கென்று ஒரு நாற்காலி, அறைக்குள் ஜன்னலோரம். முட்டி வலிக்கிற வயதில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி என்றால் என்ன என்பதை இந்த வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

முதலில் நன்றாகத்தான் நடந்தது. தலைவலி, வயிற்றுவலி, மாதாந்திரத் தொல்லை என்று சில பெண்கள் வந்தார்கள். என்னைப் பார்த்ததும் "ஆன்டி" என்று சிரித்தார்கள். எனக்கு எங்கள் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். அங்கே கம்பவுண்டரிலிருந்து கூட்டுகிற அம்மாள்வரை எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். வரிசையில் நிற்கும்போதே "என்ன, உங்க சின்னவளுக்கு இன்னும் வெள்ளைப்படுறது நிக்கலையா?" என்று அம்மாவைப் பார்த்துக் கம்பவுண்டர் உரக்கக் கேட்பார். அந்தச் சின்னவள் நான். வரிசையே திரும்பிப் பார்க்கும். அவர் கெட்டவர் இல்லை. ராத்திரி கதவைத் தட்டினாலும் எழுந்துவந்து மருந்து கொடுப்பவர். தெரிந்தவர் இருக்கிறார் என்ற நிம்மதியும், தெரிந்தவர் பார்க்கிறார் என்ற கூச்சமும் ஒன்றாகவே இருக்கும். கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து நிம்மதியை மட்டும்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தப் பெண் வந்தாள். செல்வி என்று வைத்துக்கொள்கிறேன். அவள் ஊரையும் காப்பார் என்று எழுதுகிறேன். அது காப்பார் இல்லை. இரண்டாம் வருஷ மாணவி. காசநோய். இங்கே அதைப் 'பாத்தோக் கெரிங்' என்பார்கள், சொல்லும்போது குரல் தானாகவே தாழும். பெரிய ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்து, இனிப் பிறருக்குப் பரவாது என்று வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். தினமும் காலையில் கிளினிக்குக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டு, மிஸ்ஸியின் கண் முன்னால் மாத்திரைகளை விழுங்க வேண்டும். நடுவில் விட்டால் நோய் திரும்பிவரும், அப்படி வந்தால் இந்த மருந்துக்கு அடங்காது என்று டாக்டர் லிம் அவளிடம் சொன்னார். பிறகு அதையே என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் ஆறுதலாக ஏதாவது பேச வேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த ஆறுதல் ஒன்றுதான்.

"எந்த எஸ்டேட் பாப்பா நீ?"

"காப்பார் பக்கம், ஆன்டி."

"காப்பாரா? எங்க வீட்டுக்காரர் தங்கச்சி அங்கதான் இருக்கு. ஸ்கூல் பக்கத்துல மளிகைக் கட வச்சிருக்காங்க. அப்பா பேரு என்ன?"

சொன்னாள். குரல் தரையில் விழுந்தது போல இருந்தது. டாக்டர் லிம் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். தான் நினைத்தபடி நடக்கிறது என்ற திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

மறுநாள் செல்வி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மிஸ்ஸி வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டர் லிம் என்னைக் கூப்பிட்டு, "அவள் உன் பங்சா. உன்னிடம் சொல்வாள். போய்க் கூட்டிவா," என்றார். பங்சா என்றால் இனம். நான் கம்பெனியின் நீலச் சட்டையோடு மாணவியர் விடுதிக்கு நடந்தேன். மேட்டில் இருந்தது. கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். ஓடவில்லை. ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா ஊசிக்கு வரல?"

"கிளாஸ் இருக்கு, ஆன்டி."

"அவ்வளவு காலையிலயா?"

துணியை உதறினாள். பிறகு, "உங்க நாத்தனார் கடையிலதான் எங்கம்மா சாமான் வாங்குவாங்க," என்றாள். "எங்கக்காவுக்கு மாப்பிள்ள பேசியாச்சு. கிள்ளான்ல. நல்ல எடம். தங்கச்சிக்கு இந்த நோவுன்னு தெரிஞ்சா அக்காவுக்கும் இருக்கும்னு சொல்லிடுவாங்க, ஆன்டி. வீட்டுக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில இருந்தப்ப பரீட்சைன்னு சொல்லிட்டேன்."

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேம்மா."

முதல் தடவையாகச் சிரித்தாள். "எங்கம்மாவும் அப்படித்தான் ஆன்டி ஆரம்பிப்பாங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு கேட்டுக்குவாங்க, நீ யார்கிட்டயும் சொல்லாதேன்னு அடுத்தவங்ககிட்ட சொல்லிடுவாங்க." சிரிப்பு இருமலாக மாறியது. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அடங்கியதும் சொன்னாள்: "அந்த டாக்டர் கேட்டா எனக்கு ஒண்ணும் இல்ல. மிஸ்ஸி கேட்டாலும் இல்ல. அவங்க எங்க வீட்டுப் பக்கம் வரப்போறதில்ல. நீங்க ஒரு நாள் வருவீங்கல்ல."

"நான் இல்லாட்டி வருவியா?"

ஈரத் துணியைக் கொடியில் போட்டாள். "நீங்க நல்லவங்க ஆன்டி. கோவிச்சுக்காதீங்க," என்றாள்.

மேட்டிலிருந்து இறங்கி வரும்போது கோபம் எதுவும் வரவில்லை. அசதிதான். அந்தப் பிள்ளை சொன்னது எனக்குப் புதிய செய்தி இல்லை. கல்யாணமாகி நாலைந்து வருஷம் குழந்தை இல்லாமல் இருந்தபோது பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தெருமுனையிலேயே ஒரு தமிழ் டாக்டர் இருந்தார். ஒரே ஒரு தடவை போனேன். மருந்து கொடுக்கும் பெண், "நீங்க அந்த ரயில்வே சிக்னல்காரர் சம்சாரம்தானே, என்ன விஷயம்?" என்றாள். சளி என்று சொல்லிவிட்டுச் சளி மருந்தோடு திரும்பினேன். அதற்குப் பிறகு இரண்டு பஸ் மாறி ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு சீன டாக்டரிடம் போனேன். பாதிச் சைகை, பாதி மலாய். என் வயிற்றைக் காட்டினேன், கையை விரித்தேன். அவர் புரிந்துகொண்டார். அம்மாவிடமும் சொல்லாததையெல்லாம் பெயர்கூடச் சரியாக எழுதத் தெரியாத அந்த மனிதரிடம் சொன்னேன். குழந்தை தங்கவில்லை. ஆனால் அந்த அறையில் அழுதது தெருவுக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான் என்னால் மறுபடி கோயிலுக்குப் போக, கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார முடிந்தது. ஊரில் இருந்தவரை இப்படி ஒரு வசதி இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. கடல் தாண்டி வந்து கிடைத்தவற்றில் இதுவும் ஒன்று. தோட்டத்தில் பிறந்த செல்விக்கு அது அந்தக் கிளினிக்கில் கிடைத்திருந்தது. நான் போய் அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் லிம்மிடம் அறையில் இனி உட்கார மாட்டேன் என்று சொன்னேன். ஏன் என்றார். அதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. வீட்டுக்குத் தெரியாது, அக்காவின் கல்யாணம் என்று சொன்னால் அவளுக்குக் கொடுத்த வார்த்தை அங்கேயே முடிந்துபோகும். அவர் என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"தாகுட்?"

பயமா என்கிறார். நோய் தொற்றிவிடும் என்று பயமா. நான் தலையைக் குனிந்து, "யா, டாக்டர். தாகுட்," என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்து, மருந்து ஆரம்பித்துவிட்டால் பரவாது என்று எளிய மலாயில், குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார். நானும் புரிந்துகொண்டேன். முடிவில் மறுபடி "தாகுட்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் இனத்துப் பெண்ணிடமே இவளுக்கு இரக்கமில்லையே என்று நினைத்திருப்பார். "தாக் அப்பா," என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். ஆனால் இங்கே மனம் நொந்தவர்களும் அதையே சொல்வார்கள். பிறகு என் பயம் தீரட்டும் என்று நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்தார். இல்லாத பயத்துக்காக ஒரு காலை முழுவதும் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். "அக்கா, எக்ஸ்ரே கிளியர். இனிமே நூறு வயசு," என்று மிஸ்ஸி ரோகாயா எல்லார் முன்னாலும் மலாயில் கிண்டல் செய்தார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அந்த 'அக்கா'.

நான் மறுத்த அன்று மதியமே செல்வியைக் கூட்டிவர மிஸ்ஸி விடுதிக்குப் போய், அறையில் இனித் தானும் டாக்டரும் மட்டும்தான் என்று சொல்லிவந்தார். மறுநாள் காலை செல்வி வந்தாள். நான் நடைபாதையின் அந்தக் கோடியில் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் கடக்கும்போது நடையைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. அவள் வருகிற நேரத்தில் நான் பின்பக்கத்துக் கழிவறைகளை வைத்துக்கொண்டேன். சில நாள் கதவுக்கு அப்பால் அவளும் மிஸ்ஸியும் மலாயில் சிரித்துப் பேசுவது கேட்கும். பாதி புரியும். நாற்காலியை வேறு அறைக்கு எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச காலம் கழித்து டாக்டர் லிம் வருகிற மாணவர்களிடமெல்லாம், யாராவது கூட இருக்க வேண்டுமா, இருந்தால் யார் என்று முதலில் கேட்க ஆரம்பித்தார். எதைப் பார்த்து அப்படி மாற்றினார் என்று எனக்குத் தெரியாது. சில தமிழ்ப் பெண்கள் ஆன்டி வரட்டும் என்றார்கள், போனேன். பலர் வேண்டாம் என்றார்கள். சரவாக்கிலிருந்து வந்த பையன் ஒருவன் தன் ஊர்க்காரன் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று சொன்னதாக மிஸ்ஸி சொல்லிச் சிரித்தார். நான் எந்த ஊர் என்று கேட்பதை விட்டுவிட்டேன். விட்ட பிறகு பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பெரும்பாலும் பேசாமலே இருந்தேன்.

செல்விக்கு ஊசி முடிந்து மாத்திரை மட்டும் என்று ஆன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் காப்பாரிலிருந்து வந்தாள். வந்தால் அவள் வாய் ஓயாது.

"அண்ணி, அடுத்த வாரம் எங்க எஸ்டேட்ல ஒரு கல்யாணம். மாப்பிள்ள கிள்ளான். நீங்களும் வாங்க. இங்க வந்து எத்தன வருசம், எங்க பக்கத்துக் கல்யாணம் ஒண்ணுக்காவது வந்திருக்கீங்களா?" பெண்ணின் அப்பா பெயரைச் சொன்னாள். "தங்கச்சி ஒண்ணு யுனிவர்சிட்டியில படிக்குதாம். உங்க யுனிவர்சிட்டிதான். பாத்திருக்கீங்களா?"

"அங்க எத்தனையோ பேர் படிக்கிறாங்க," என்றேன்.

"நல்ல ஆளு அண்ணி நீங்க. அவ்வளவு பெரிய எடத்துல இருந்துகிட்டு ஒருத்தரையும் தெரியல."

முட்டி வலி, பஸ்ஸில் அவ்வளவு தூரம் முடியாது என்றேன். என் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். போன மாதம்தான் பத்துமலைக் கோயிலுக்குப் படியேறி வந்திருந்தேன். எனக்குப் போக ஆசை இல்லாமல் இல்லை. இங்கே உறவு என்று என்னைக் கூப்பிட்டுப் பந்தியில் உட்காரவைக்க இருப்பவர்கள் சிலர்தான். ஆனால் மணவறைக்குப் பக்கத்தில் தட்டோடு நிற்கும் செல்வி கூட்டத்தில் என் முகத்தைப் பார்த்தால், தட்டு ஆடிவிடும்.

கல்யாணம் முடிந்து அவள் கிளினிக்குக்கு வந்த அன்று நான் பின்பக்கம் இருந்தேன். மிஸ்ஸி உரக்கக் கூப்பிட்டார். ஏதோ கொட்டிவிட்டது போல என்று துணியோடு ஓடினேன். மிஸ்ஸி கையில் ஒரு பிஸ்கட் டின், மூடி திறந்திருந்தது. உள்ளே லட்டும் முறுக்கும். செல்வி கதவை ஒட்டி நின்றாள். இரண்டு கையிலும் மருதாணி. முகம் கொஞ்சம் சதை பிடித்திருந்தது.

"அக்கா, இந்தியக் கல்யாணத்துப் பலகாரம். சாப்பிட்டுப் பாரு, ரொம்ப இனிப்பு," என்று மிஸ்ஸி மலாயில் சொல்லி, ஒரு லட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் இதற்கு முன்னால் லட்டைப் பார்த்ததே இல்லை என்பதுபோல ஆர்வமாக என் முகத்தைப் பார்த்தார்.

யாருக்குக் கல்யாணம் என்று கேட்காமல் வாங்கிக்கொள்வது முறையில்லை. தமிழில் கேட்டால் அது வேறு கேள்வியாகிவிடும். "சியாப்பா காவின்?" என்று மலாயில் கேட்டேன், மிஸ்ஸியைப் பார்த்து.

செல்விதான் பதில் சொன்னாள், மலாயிலேயே. "காக்காக் சாயா."

என் அக்கா என்கிறாள். என் நாத்தனார் கல்யாணப் பெண்ணின் சேலை நிறத்திலிருந்து சாம்பாரில் உப்பு குறைந்ததுவரை சொல்லி முடித்து இரண்டு நாளாகியிருந்தது. "ஓ," என்றேன், இப்போதுதான் கேள்விப்படுகிறவள்போல. "செலாமாட்," என்று வாழ்த்தினேன்.

"தெரிமா காசி," என்று நன்றி சொன்னாள் செல்வி. கொஞ்சம் நிறுத்தி, "ஆன்டி," என்றாள்.

நடுவில் டின்னைப் பிடித்துக்கொண்டு மிஸ்ஸி நின்றார். தமிழச்சிகள் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து மலாயில் சிரித்தோம். லட்டு கையில் ஒட்டத் தொடங்கியது. மறு கையில் ஈரத் துணி இருந்ததால், லட்டைக் கீழே வைக்கவும் இடம் தெரியாமல், வாசலிலேயே நின்று தின்றேன்.